இரண்டாவது இடுப்பு

முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டியில் தறிச் சத்தமும் உண்டு. நவீன செயற்கை இடுப்பு மூட்டின் கதையும் ஒரு நெசவுச் சீமையில்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் லங்காஷயர் அது.

1950களின் கடைசியில் அங்கே ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர், தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு எஃகுப் பந்தும் டெஃப்லான் கிண்ணமும் பொருத்தினார். முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் மூன்று நான்கு வருடத்துக்குள் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள் சுற்றியிருந்த சதையைக் கெடுத்தது. ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. துகள் என்னதான் செய்கிறது என்று பார்க்க, சார்ன்லி அதைத் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டார். அங்கேயும் கட்டி புடைத்தது. டெஃப்லான் தோற்றபோது மாற்றுப் பொருளோ கைவசம் இல்லை.

1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் அங்கே வந்து சேர்ந்தார். தறிகளின் பல்சக்கரத்துக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் துண்டு ஒன்று அவர் கையில் இருந்தது. சார்ன்லி அதைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழுந்தது. இது உதவாது என்று ஒதுக்கிவிட்டு வெளிநாடு கிளம்பினார். ஆய்வகத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. துண்டைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கு, இது மூன்று வாரம் ஓடியும் தேயவில்லை. அந்த நவம்பரிலேயே பாலிஎத்திலீன் கிண்ணம் மனித உடம்புக்குள் போனது. அதன்பின் உலகமே அதைப் பின்பற்றியது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வருடங்கள் ஓடின. எக்ஸ்ரேயில் மூட்டைச் சுற்றிக் கரிய ஓட்டைகள் தெரிந்தன. எலும்பு கரைந்துகொண்டிருந்தது! மூட்டை ஒட்டும் சிமென்ட்டின் மேல் பழி விழுந்தது. சிமென்ட்டே இல்லாத மூட்டுகள் வந்தன. அங்கேயும் எலும்பு கரைந்தது. உண்மையான குற்றவாளி பாலிஎத்திலீனின் நுண்தூசி. அதை விழுங்கிய உடலின் காவல் செல்களால் செரிக்க முடியவில்லை. அவை கிளப்பிய அழற்சியே எலும்பை அரித்தது. ஆடிப்போன மூட்டை மாற்றலாம், ஆனால் புதிய மூட்டு நிற்க எலும்பு வேண்டுமே?

1970களின் இறுதியில் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் டாம் ஸ்லூஃப் குழுவினர் எலும்பு கரைந்து விழுந்த பள்ளத்தை எலும்புத் துண்டுகளால் நிரப்பினார்கள். திமிசுக்கட்டையால் மண்ணை இடித்து இறுக்குவதுபோல, துண்டுகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கி, மேலே சிமென்ட் போட்டுக் கிண்ணத்தைப் பதித்தார்கள். 1980களின் பிற்பாதியில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் ராபின் லிங்கும் கிரஹாம் கீயும் தொடை எலும்புக்குள் இதையே செய்தார்கள். நாளடைவில் செத்த துண்டுகளுக்குள் ரத்த நாளங்கள் நுழைந்தன, நோயாளியின் சொந்த எலும்பு அங்கே வளர்ந்தது. நைமேகனில் இப்படிப் பதித்த கிண்ணங்களில் நான்கில் மூன்று, 20 வருடம் கழித்தும் மாற்றப்படாமல் இருந்தன. சரி, அத்தனை எலும்பு எங்கிருந்து வந்தது?

வேறு நோயாளிகளுக்கு முதல்முறை இடுப்பு மூட்டு மாற்றும்போது அறுத்தெடுக்கும் தொடை எலும்பின் தலைதான் அது. பெரும்பாலும் குப்பைக்குப் போகும் பொருள்! இன்று தமிழ்நாட்டிலும் எலும்பு வங்கிகள் உண்டு. தந்தவரின் சம்மதத்தோடு பெற்று, எச்ஐவி, மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனை முடித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்கிறார்கள். பள்ளம் மிகப் பெரிதானால் இது மட்டும் போதாது, நுண்துளை உலோகத் துண்டுகளும் துணைக்கு வருகின்றன.