ஒளிரும் உலோக உணரிகள்

ஒளிரும் உலோக உணரிகள் என்பவை உயிருள்ள செல்லுக்குள் நடக்கும் வளர்சிதை மாற்றத்தை நுண்ணோக்கியில் பின்தொடர உதவும் அணைவுச் சேர்மங்கள். ருத்தேனியம், ரீனியம், இரிடியம், யூரோப்பியம் போன்ற உலோக அயனியைச் சுற்றிக் கரிம ஈனிகளைப் பிணைத்து இவற்றைத் தயாரிக்கிறார்கள்.

பளிச்சென்று ஒளிர்வதில் கரிமச் சாயங்களே பெரும்பாலும் முந்தும். உலோகத்தின் பலம் ஒளி நீடிக்கும் நேரத்தில் இருக்கிறது. செல்லில் இயல்பாக உள்ள என்ஏடிஎச், ஃபிளேவின் ஆகியவையும் ஒளிர்கின்றன. அந்த ஒளி சில நானோ வினாடிகளில் அடங்கிவிடும். மூன்று பைபிரிடின் ஈனிகள் கொண்ட ருத்தேனியச் சேர்மமோ 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை உட்கவர்ந்து ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் நீக்கிய நீரில் அதன் ஒளிர்வு ஆயுள் சுமார் 600 நானோ வினாடி. ஒளித்துடிப்பைப் பாய்ச்சி, சற்றுப் பொறுத்துப் பதிவுசெய்தால் உணரியின் ஒளி மட்டும் எஞ்சும்.

ஆக்சிஜன் மூலக்கூறு மோதினால் இந்த ஆயுள் குறையும். காற்று கலந்த நீரில் ஏறத்தாழ 400 நானோ வினாடிக்கு இறங்கிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைச் செலவழிக்கச் செலவழிக்க ஆயுள் மறுபடி கூடும். ஆகவே ஆயுளை அளந்தாலே செல்லின் சுவாசத்தைக் கணக்கிடலாம். வாண்டர்கூயும் வில்சனும் 1987-இல் வெளியிட்ட ஆக்சிஜன் அளவீட்டு முறை, ஆக்சிஜன் ஒளிர்வைத் தணிக்கும் இந்த விளைவையே பயன்படுத்தியது. நேர்மின்சுமையும் கொழுப்பில் கரையும் தன்மையும் கொண்ட சேர்மங்கள், உட்புறம் எதிர்மின்னழுத்தம் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் தாமாகவே சேர்வது கூடுதல் வசதி.

1990-இல் பார்ட்டன் குழு அறிவித்த ருத்தேனியச் சேர்மம் வேறு வகை. நீரில் அது ஒளிர்வதே இல்லை. டிஎன்ஏ-வின் கார இணைகளுக்கிடையே செருகிக்கொண்டதும், ஈனியின் நைட்ரஜன் அணுக்களை நீர் நெருங்க முடியாமல் போக, ஒளிரத் தொடங்கும்.

மதுரையின் திருநகர் வட்டாரத்துக்கு இத்துறையோடு தொடர்பு, தேனி சாலையிலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வழியாக வருகிறது. அங்கே எஸ். ராஜகோபால் குழுவினர் ஒளியால் கிளர்வுற்ற ருத்தேனியச் சேர்மங்களுக்கும் பீனாலேட்டு அயனிகளுக்கும் இடையிலான எலக்ட்ரான் மாற்றத்தை ஆராய்ந்தனர். அவை கரைசலில் செய்த அடிப்படை ஆய்வுகள்தாம். ஆனால் புரதங்களில் உள்ள டைரோசினும் ஒரு பீனால். செல்லுக்குள் உணரியின் ஒளி மங்கினால் அதற்கு ஆக்சிஜன்தான் காரணமா, வேறொன்றா என்று பிரித்தறிய இந்த அறிவு வேண்டும்.

ஒளிர்வைத் தணிக்கும்போது ஆக்சிஜன் வினைவீரியம் மிக்க ஒற்றை நிலை ஆக்சிஜனாக மாறிச் செல்லைத் தாக்குகிறது. எனவே ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தாவிட்டால், அளக்க வந்த சுவாசத்தை உணரியே கெடுத்துவிடும். மருத்துவத்தில் இதே விளைவை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள்: டிஎல்டி-1433 என்னும் ருத்தேனியச் சேர்மம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான ஒளிச்சிகிச்சையில் நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டுள்ளது.