தாலி எந்தச் சீடியில?

எங்கட அலுமாரியில மாமாட கலியாணம் மூன்று வீடியோ சீடியாக் கிடக்குது. தோழனுக்கு மோதிரம் போடக் கை நீளும், அதோட முதல் சீடி முடிஞ்சிடும். தாலி கட்டு இரண்டாவதில.

1993இல் வந்த வீடியோ சீடி நியமப்படி ஒரு சீடியில் ஏறத்தாழ 74 நிமிடம்தான் கொள்ளும். ஐயர் மந்திரம் சொன்னாலும் சனம் ஆடினாலும் செக்கனுக்கு ஒரே அளவு இடம் பிடிக்கும். விஎச்எஸ் கசெற்றோ மூன்று மணித்தியாலம். ஆக மூன்று சீடி தவிர்க்க ஏலாது. ஆனால் வெட்டின இடம்? மூன்று சீடியிலும் சேர்த்து 222 நிமிடம் இருக்கு, படம் 180 தான். 42 நிமிடம் மிச்சம்! சடங்கு முடியிற இடமாப் பார்த்து வெட்டியிருக்கலாம். கடைக்காரர் நிரம்பின இடத்தில வெட்டிவிட்டார்.

டிவிடி வந்தும் இந்தப் பிரச்சினை தீரேல்ல. கசெற்றை டிவி வடிவத்தில் கணினிக்கு எடுத்தால் ஒரு மணித்தியாலமே சுமார் 13 ஜிகாபைட். டிவிடியில் கொள்ளுறது 4.7. ஒன்றில் துண்டாக்க வேணும், இல்லாட்டி தரத்தைக் குறைக்க வேணும்.

குடும்பத்தின் வரலாற்று ஆவணம் என்று எங்களிட்ட இருக்கிறது பெரும்பாலும் இப்படிக் கலியாண வீடியோதான். அதில யார் எங்க வருவினம் என்பதை ஒரு கடைக்காரரின் அவசரம் தீர்மானிச்சிருக்கு.

எங்கட இரண்டாவது சீடி கீறுப்பட்டு இப்ப ஓடுறதில்லை. அப்பப்பா அசைஞ்சு திரியிற ஒரே படம் அதிலதான். கசெற்றை, சீடி வந்திட்டுதுதானே என்று எறிஞ்சிட்டினம்.