மும்பைத் தமிழர் கலைவாழ்வும் மாநகராட்சியும்

1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம் உள்ளாட்சியின் பணிகளைக் கட்டாயக் கடமைகள் (பிரிவு 61), விருப்பக் கடமைகள் (பிரிவு 63) என இருவகைப்படுத்துகின்றது. தொடக்கக் கல்வி முன்னதன்பாற்படும். நூலகம், அருங்காட்சியகம் முதலியன பின்னதன்பாற்படும். இப்பகுப்பு மும்பைத் தமிழரின் கலைவாழ்வில் ஏற்படுத்திய விளைவினை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1896இல் பரவிய பிளேக் நோயை அடுத்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது. 1933இல் அதன் பணிகள் மாநகராட்சியைச் சேர்ந்தன. தாதர், மாதுங்கா பகுதிகளில் தெருக்களையும் மனைகளையும் வகுத்தது அதுவே. அது நலவாழ்வு கருதிய திட்டமேயன்றிக் கலைத்திட்டம் அன்று. ஆயினும் அம்மனைகளில் குடியேறிய தென்னிந்திய அலுவலகப் பணியாளர்களிடையே சபா வாழ்க்கை வேரூன்றியது. 1952இல் தோன்றிய சண்முகானந்த சபா 1963இல் அரங்கம் கண்டது. 1990இல் தீக்கிரையான அவ்வரங்கம் 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. செம்பூரில் நுண்கலைக் கழகம் 1962இல் தொடங்கப்பெற்றது.

தாராவியின் நிலை வேறு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தோர் இங்குத் தாமே குடியிருப்பை அமைத்துக்கொண்டனர். மனை வகுத்துத் தருவார் எவரும் இலர். 1887இல் எழுந்த பெரிய மசூதி இக்குடியேற்றத்தின் பழமைக்குச் சான்றாகும். கோயில் விழாக்களை விடுத்தால், தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பொதுமேடை மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியே எனலாம். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்திவந்துள்ளது. தமிழ் அவற்றுள் ஒன்று. கலை இங்குக் கலையென்ற பெயரில் வரவில்லை. கல்வி என்னும் கட்டாயக் கடமையின் வாயிலாகவே நுழைந்தது. சபாவில் தமிழர் பெரிதும் அவையோர். பள்ளி ஆண்டுவிழாவிலோ ஆடுநரும் பாடுநரும் அவர்களே. சபாக்களும் இசை கற்பிக்கின்றன என்பது உண்மையே. எனினும் கட்டணம் செலுத்த இயலாதார்க்கு அவ்வாயில் எளிதன்று.

2015இல் தாராவியில் நடைபெற்ற ஈராண்டுக் கலைவிழாவும் இதே போக்கினைக் காட்டுகின்றது. அதனை நடத்திய சினேகா, தாய்சேய் நலத்தில் மாநகராட்சி மருத்துவ அமைப்போடு இணைந்து பணியாற்றும் தொண்டு நிறுவனமாகும். தாராவி மக்கள் கலைஞர்களோடு சேர்ந்து படைத்தவை உடல்நலம் பற்றிய படைப்புகள். நிதி இலண்டனின் வெல்கம் அறக்கட்டளையிலிருந்து வந்தது. இங்குக் கலை நுழைந்த வாயில் மருத்துவம்.

பிற வாயில் வழியே வந்த கலைக்கு அவ்வாயில் அடைபட்டால் புகலிடம் இல்லை. ஆங்கிலவழிக் கல்வியை நாடும் பெற்றோர் பெருகத் தமிழ்வழி வகுப்புகளில் சேர்க்கை குறைந்துவருகின்றது. பெற்றோரைக் குறைகூறுதல் முறையன்று. பிழைப்பு அவ்வாறு பணிக்கின்றது. ஆனால் வகுப்பு மூடப்படின் ஆசிரியர் பணியிடத்தோடு ஆண்டுவிழா மேடையும் மறையும். அதனை வேறிடத்தில் அமைத்துத் தருமாறு 63ஆம் பிரிவு எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை.