மரையாணியும் மூன்று நாட்டு அளவுகளும்

பெங்களூரில் ஜே.சி. ரோடு என்று நாம் சுருக்கி வழங்கும் ஜயசாமராஜேந்திர வீதி, மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றது. கடைக்காரர் முன் பழைய போல்ட் ஒன்றை வைத்து, "இதே மாதிரி ஒன்று" என்று கேட்பது நம்மவர் வழக்கம். (மரையாணி என்பது நம் போன்ற மொழிபெயர்ப்பாளர் எழுதும் சொல், கடையில் அப்படிக் கேட்டால் சுவராணி கிடைத்தாலும் கிடைக்கும்.) அவர் தருவது பார்வைக்கு அச்சாக அதுபோலவே இருக்கும். நட்டு இரண்டு சுற்று இலகுவாக ஏறும். மூன்றாம் சுற்றில் இறுகும். துரு என்றெண்ணி ஸ்பேனரால் பலங்கொண்டு திருகினால் மரை அழிந்துபோகும். இவ்விடர்ப்பாட்டின் வேரைத் தேடினால் 1841ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்று சேர்வோம்.

அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல் மரை வெட்டிற்று. ஜோசப் விட்வொர்த் என்னும் பொறிவல்லார் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி ஒப்பிட்டு, 55 பாகைக் கோணமுடைய மரையைப் பொது அளவாக முன்மொழிந்தார். 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், வெட்டுதற்கு எளிதான 60 பாகை மரையை முன்வைக்க, அமெரிக்கா அதனை ஏற்றது. அரை அங்குலப் போல்ட்டில் விட்வொர்த் மரை அங்குலத்துக்கு 12. அமெரிக்க மரை 13. ஒரே ஒரு மரைதான் வேற்றுமை! இரண்டாம் உலகப் போரில் ஓரணியில் நின்ற இவ்விரு நாடுகளும் அதனால் பட்ட தொல்லை கொஞ்சமன்று. 1948இல் கனடாவும் உடன்சேர, 60 பாகையில் பொதுவான அங்குல மரையை ஒப்புக்கொண்டன. ஐரோப்பியக் கண்டமோ மில்லிமீட்டர் வழியிலேயே நின்றது.

நம் நாட்டுச் சாலைகளில் இவையாவும் வந்து கலந்தன. 1955இல் சென்னையில் தோன்றிய என்பீல்ட் இந்தியாவின் புல்லட் ஆங்கிலேய மரைகளோடு வந்தது. 1961இல் மைசூரில் தொடங்கிய ஐடியல் ஜாவாவின் வண்டியோ செக்கோஸ்லோவாக்கிய வடிவம், மில்லிமீட்டர் மரை. பழுதென்று வந்தால் இரண்டும் ஒரே பெங்களூர்ப் பட்டறையில்தான் நிற்கும். 1958 அக்டோபரில் மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வரத் தொடங்கியபோதும், எட்டு நூல் ஓர் அங்குலம் என்று பழகிய கை உடனே மாறிவிடுமா?

குழப்பத்தில் தலையாயது 5/16 அங்குலப் போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும். முன்னதன் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர். கண் இவ்வேற்றுமையைக் காணாது. மரையிடைவெளி காட்டிக்கொடுக்கும்: 8 மில்லிமீட்டர் போல்ட்டில் வழக்கமாக 1.25 மில்லிமீட்டர்; 5/16 அங்குலப் பருமரையில் 1.41. ஆகவே குறுக்களவோடு திரெட் கேஜால் இடைவெளியையும் அளத்தல் வேண்டும். கேஜ் இல்லையேல், இரு போல்ட்டுகளின் மரைகளைப் பல்லோடு பல் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தால், பொருந்தாத மரை இடையே ஒளி கசியும். நட்டும் விரலாலேயே கடைசிவரை ஏற வேண்டும்.

மரை பொருந்தினால் மட்டும் போதாது; தலையையும் படித்தல் வேண்டும். மெட்ரிக் போல்ட்டின் தலையில் 8.8 என்றிருந்தால், முதலெண் இழுவலிமையைக் குறிக்கும்: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 நியூட்டன் வரை, போல்ட் நீண்டு நிலைத்துவிடாது என்பது பின்னெண்ணின் பொருள். 10.9 குறியுடையது இருந்த இடத்தில் 8.8ஐப் பூட்டினால், அன்று வண்டி ஓடும். பாரம் ஏறிய பிறிதொரு நாளில், பிரேக்கிலோ சக்கரத்திலோ அது நீளத் தொடங்கும். அமெரிக்கப் போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்கும்: மூன்று கோடு நடுத்தர வலிமை, ஆறு கோடு மிகு வலிமை.