தீவகத்தில் ஏற்றத்தாழ்வு: அன்றும் இன்றும்

முன்னைய காலங்களிலும் பார்க்க இன்று பொருளாதார ஏற்றத்தாழ்வு கூடியுள்ளதா, குறைந்துள்ளதா? வருமானக் கணக்கை மட்டும் கொண்டு இவ்வினாவுக்கு விடையிறுக்க முற்படுவோர் வரலாற்றின் ஒரு பாதியையே காண்பர். புங்குடுதீவையும் அதன்கண் அமைந்த இறுப்பிட்டி முதலிய ஊர்களையும் சான்றாகக் கொண்டு இதனை நோக்குதல் பயனுடைத்து.

தீவகம் சுண்ணாம்புக்கல் நிலம். ஆறுகள் இல்லை, நெற்செய்கை மாரி மழையை நம்பியது, நன்னீர்க் கிணறுகள் அரிதானவை. பனையும் கடலுமே மக்களைத் தாங்கின. இத்தகைய நிலத்தில் உண்டு உடுத்தபின் எஞ்சும் உபரி மிகச் சிறிதாகும். உபரி சிறிதாயின் செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையிலான தூரமும் ஓர் எல்லையைத் தாண்ட முடியாது. தாண்டின் உழைப்பவன் உயிர்வாழ இயலாது. பிராங்கோ மிலானோவிச், லின்டர்ட், வில்லியம்சன் ஆகிய பொருளியலாளர் பழைய சமுதாயங்களை ஆராய்ந்து இதனை விளக்கியுள்ளனர். அச்சமுதாயங்களின் ஏற்றத்தாழ்வு அளவில் இன்றையதை ஒத்திருப்பினும், பறிக்கக்கூடியதில் பெரும்பகுதியை ஆதிக்கம் பெற்றோர் பறித்துக்கொண்டனர் என்பது அவர்தம் முடிபாகும்.

யாழ்ப்பாண வரலாறு இதற்கு இயைவதாகவே உள்ளது. 1619இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். நிலவரி, தலைவரி ஆகியவற்றுடன், ஆண்டொன்றில் 12 நாட்கள் கூலியின்றி உழைக்கும் ஊழியக் கடமையும் ஒல்லாந்தர் காலத்தில் நிலவியது. 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமையில் காணி, சீதனம் என்பவற்றோடு அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அடிமையானவன் குறைந்த வருமானம் பெற்றவன் என்று மட்டும் கூறி அமைய முடியாது; அவனே மற்றொருவனின் சொத்தாக இருந்தான். எந்த வருமானக் குறியீடு இதனை அளக்கும்?

1844ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் அடிமை முறையை ஒழித்தது. ஆயின் விடுதலை பெற்றோருக்குக் காணி வழங்கப்படவில்லை. பிறர் காணியிற் குடியிருந்து, பிறர் பனையில் ஏறி, பிறர் அள்ளி ஊற்றும் நீருக்குக் கிணற்றடியிற் காத்து நின்றோர் பலர். சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தல் குற்றமென விதித்த சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியது. இரு சட்டங்களுக்கும் இடையே 113 ஆண்டுகள் கழிந்தன. பின்னரும் ஆலயக் கதவுகளும் தேநீர்க்கடைகளும் திறப்பதற்கு 1960களில் போராட்டங்கள் தேவைப்பட்டன.

இதற்கிடையில் புங்குடுதீவார் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் வணிகத்தில் ஈடுபட்டனர். 1983ஆம் ஆண்டு வன்செயல்கள் அவ்வணிகத்தைச் சிதைத்தன. 1991இல் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது ஊர்களே வெறுமையாயின. மக்கள் யாழ்ப்பாணத்துக்கும், வன்னிக்கும், ஐரோப்பா, கனடா ஆகிய நாடுகளுக்கும் சிதறினர். எனினும் கடல் கடத்தற்குப் பெருந்தொகை வேண்டியிருந்தது. ஈடு வைக்கக் காணியும் விற்க நகையும் உடையோரே முந்திச் செல்ல முடிந்தது. பழைய ஏற்றத்தாழ்வு புதியதற்கு இவ்வாறு படியாயிற்று.

இன்றைய நிலை யாது? 2016ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி, இலங்கையின் மொத்த வீட்டு வருமானத்தில் மேல்நிலையிலுள்ள 20 வீதமான குடும்பங்கள் 50.8 வீதத்தையும், கீழ்நிலையிலுள்ள 20 வீதமானவை 4.8 வீதத்தையும் பெற்றன. ஊரளவில் இவ்வேறுபாடு வேறு வடிவம் கொள்கிறது. 2022இல் அமெரிக்க டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தது. வெளிநாட்டில் உறவினரைக் கொண்ட குடும்பத்துக்கு அதே டொலர் கூடிய ரூபாவாக வந்து விலையேற்றத்தைத் தாங்க உதவியது. கூலிக்குச் செல்பவருக்கோ அரிசியும் மண்ணெண்ணெயும் எட்டாதனவாயின. ஒரே ஒழுங்கையில் அயலவராக வாழ்வோர் இருவேறு நாணயங்களில் வாழ்கின்றனர் எனலாம்.

ஆகவே இரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்றல் வேண்டும். மனிதனை மனிதன் உடைமையாகக் கொண்ட கொடுமை நீங்கியமை ஈடிணையற்ற முன்னேற்றமாகும். பழங்காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாய் வாழ்ந்தனர் என்னும் ஏக்கத்துக்கு வரலாறு இடந்தராது. அதேவேளை, பழைய வறிய நிலம் ஒருபோதும் அனுமதித்திராத செல்வ இடைவெளி இன்று தோன்றியுள்ளது. அன்று ஆதிக்கம் செய்தவர் ஊரிலேயே இருந்தார். அவருக்கெதிராகப் போராட முடிந்தது. இன்றைய செல்வத்தின் ஊற்றோ ஊருக்கு வெளியே உள்ளது. பூட்டிய வளவுகளின் உரிமையாளர் கடல்கடந்து வாழ, அருகே சொந்தக் காணியற்றோரும் வாழ்கின்றனர்.

எனவே காலங்களை ஒப்பிடுவோர், எவர் எவ்வளவு உழைக்கிறார் என்பதுடன் நில்லாது, காணி எவருடையது, நன்னீர் எவருக்குக் கிடைக்கிறது, ஊரைவிட்டுச் செல்லவும் ஊரிலேயே வாழவும் எவரால் முடிகிறது என்றும் வினவுதல் வேண்டும். காணியுறுதிகளிலும் முதியோர் நினைவுகளிலும் விடைகள் உள. அவை அழியுமுன் திரட்டுதல் பல்கலைக்கழக மாணவராகிய எமது கடனாகும்.