மண்டபம் முகாமும் தேர்ந்து கொல்லும் மருந்தும்

மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரையும், 1869இல் தோன்றிக் கோப்பியை அழித்த பூஞ்சணத்தையும் மறவாது கூறுவர். தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோரோடு கூடவே நடந்துவந்த வாந்திபேதிப் பற்றீரியத்தைப் பற்றியோ மிகச் சிலரே விரித்துரைப்பர். அதனை அடக்குவதற்குக் கையாளப்பட்ட முறைகளை நோக்குமிடத்து, இன்று ஆய்வுகூடங்களிற் பேசப்படும் பரம்பரையலகுத் திருத்தம் எமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியன்று என்பது புலனாகும்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கிராமத்தவர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். வழியில் வாந்திபேதி பலரை மாய்த்தது. நோய்க்குக் காரணமான கிருமி இன்னதென அக்காலத்தவர் தெளியாமையால், நடந்துவந்தவனே நோயாகக் கருதப்பட்டான். 1884இல் கல்கத்தாவில் ரொபேட் கொக் கிருமியை இனங்கண்ட பின்னரும் அந்நோக்கு மாறவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இருப்புப்பாதை தனுக்கோடி வரை சென்றது. மண்டபம் முகாமில், நோயுற்றவர் நோயற்றவர் என்னும் வேறுபாடின்றித் தோட்டங்களுக்குச் செல்வோர் யாவரும் தடுத்துவைக்கப்பட்டே அனுப்பப்பட்டனர். ஒரு கிருமியைத் தடுக்க ஒரு சமுதாயம் முழுவதையும் வேலிக்குள் நிறுத்திய ஏற்பாடு அது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி திருப்பியனுப்பப்பட்டோரின் பேரர்களும் அதே மண்டபத்திலே இறங்கினர் என்பது இக்கட்டுரைக்குப் புறம்பாயினும் சொல்லாது விட மனம் வரவில்லை.

இதற்கிடையில், மனிதரை விடுத்துக் கிருமியை மாத்திரம் தாக்கும் வழியொன்று இந்திய ஆற்று நீரிலே தென்பட்டது. 1896இல் ஆக்ராவிலிருந்த ஹான்கின் என்னும் ஆங்கில ஆய்வாளர், கங்கை யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமி விரைந்து மடிவதையும், அந்நீரைக் கொதிக்கவைத்தால் அவ்வாற்றல் அற்றுப்போவதையும் எடுத்துக்காட்டினார். 1917இல் தெரேல் என்பவர், பற்றீரியாவைத் தொற்றி அழிக்கும் நுண்ணிய வைரசுகளை விளக்கி, அவற்றிற்குப் பற்றீரியந்தின்னி என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஒவ்வொரு தின்னிக்கும் தனக்குரிய இரை உண்டு. பிற கிருமிகளை அது தீண்டுவதில்லை. தெரேல் 1927இல் இந்தியாவிலேயே வாந்திபேதி நோயாளரிடம் அதனைச் சோதித்தார். பின்னர் அசாமில் (அதுவும் தேயிலை நாடே) நௌகொங் பகுதி மக்களுக்குத் தின்னிமருந்து வழங்கப்பட்டது; ஹபிகஞ்ச் பகுதி ஒப்புநோக்குதற்கு விடப்பட்டது. நௌகொங்கில் இறப்புக் குறைந்ததாகக் கூறினர். ஆயின், வாந்திபேதி தானே பெருகித் தானே ஒடுங்கும் இயல்பினது. ஆகவே குறைவு மருந்தினால் விளைந்ததென்று ஐயமற நிறுவ முடியவில்லை. இம்முடிவு நேர்மையானது என்றே யான் கொள்கிறேன்.

அதன்பின் பெனிசிலினும் அதன் இனத்து மருந்துகளும் வந்தன. தின்னிகளை உலகின் பெரும்பகுதி மறந்தது. தோட்டத்து மொழியிற் கூறின், தின்னியின் தொழில் கொழுந்து பறித்தல். நுண்ணுயிர்க்கொல்லியின் தொழில் கவ்வாத்து வெட்டுதல். அது குடலிலுள்ள நல்ல கிருமிகளையும் தீய கிருமிகளையும் ஒருசேர வெட்டும். வெட்டுக்குத் தப்பியவை பெருகும். குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமி எதிர்ப்பாற்றல் பெறும் என்று 1945இலேயே பிளெமிங் எச்சரித்திருந்தார். 2010இல், சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, வலிமைமிக்க கார்பபெனெம் மருந்துகளையும் பயனற்றதாக்கும் பரம்பரையலகு ஒன்று சென்னை, ஹரியானா முதலிய இடங்களிலும் பாகிஸ்தானிலும் பிரித்தானியாவிலும் பரவியிருந்ததை உலகறியச் செய்தது. அதன் பெயரில் புதுடில்லி இடம்பெற்றமை இந்தியாவில் பெருஞ்சினத்தை எழுப்பிற்று. நோய்க்கு ஊர்ப்பெயர் சூட்டும் வழக்கத்தில், வந்தவனையே நோயெனக் கண்ட பழைய நோக்கின் சாயல் எனக்குத் தோன்றுகின்றது.

கிறிஸ்பர் கருவியின் கதை இவ்விடத்திலேதான் வந்து சேர்கின்றது. தம்மைத் தாக்கிய தின்னியின் பரம்பரைப் பொருளில் ஒரு துண்டைப் பற்றீரியா தம்முள் பொதிந்துவைத்து, அத்தின்னி மீண்டும் வரின் அடையாளங்கண்டு வெட்டுகின்றன என்பது 2007இல் தயிர்க் கிருமிகளைக் கொண்டு நிறுவப்பட்டது. அவ்வெட்டுக் கருவியை நாம் விரும்பிய இடத்துக்கு ஏவலாம் என 2012இல் சார்ப்பெந்தியேயும் டவுட்னாவும் காட்டினர். 2020இல் நோபல் பரிசு பெற்றனர். 2014இல் அமெரிக்க ஆய்வாளர் இரு குழுவினர் அதனைப் பற்றீரியாவின் மீதே திருப்பினர். எதிர்ப்பாற்றல் தரும் பரம்பரையலகு கிருமியின் நிறமூர்த்தத்தில் இருப்பின், வெட்டுண்ட கிருமி மடிகின்றது. பிளாஸ்மிட் எனும் தனி வளையத்தில் இருப்பின், பெரும்பாலும் வளையம் அழிந்து, கிருமி மீண்டும் மருந்துக்குப் பணிகின்றது. அவ்வலகு இல்லாத அயற்கிருமிகள் தப்புகின்றன. அவர்கள் குறிவைத்தவற்றுள் புதுடில்லிப் பெயர் தாங்கிய அவ்வலகும் ஒன்று. கருவியைக் கிருமிக்குட் கொண்டுசேர்க்கும் ஊர்தியாக அமைந்ததோ பழைய தின்னியே.

இது இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. மனிதரிடத்துத் தொடக்கநிலைச் சோதனைகளே நடந்துள்ளன. உடலின் ஆழத்திலுள்ள கிருமிகள் அனைத்திலும் கருவியைச் சேர்ப்பது அரிது. சேர்ந்தாலும் குறித்த இடம் சிறிது மாறியிருந்தால் கிருமி தப்பிவிடும். மற்றுமொன்று: தேர்ந்து கொல்லுதற்கு முதலிற் கிருமியைத் தேர்ந்தறிதல் வேண்டும். அதற்குச் சளியையோ சிறுநீரையோ வளர்த்துச் சோதிக்கும் ஆய்வுகூடம் இன்றியமையாதது. லயத்தில் காய்ச்சலுற்ற ஒருவருக்குத் தோட்ட மருந்தகத்திற் கிடைப்பவை குளிசைகளே. வளர்ப்புச் சோதனை வேண்டின் அவர் ஒரு நாட் சம்பளத்தை இழந்து மலையிறங்க வேண்டியிருக்கின்றது.