கோத்தர் கோல் இசையும் நாமும்

மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். கடன், சேமிப்பு பற்றி மற்றவர்கள் நன்றாக எழுதுவார்கள். நான் நம்ம நீலகிரி மலையின் பழைய இசை பற்றி எழுதுகிறேன்.

போன ஆண்டு விழாவுக்கு முன் நடந்த கூட்டத்தில், "ஸ்பீக்கரில் சினிமா பாட்டு போடுறதுக்குப் பதிலா கோத்தர் இசை வைக்கலாமா?" என்று ஒருத்தர் கேட்டார். "சாவுக்கு வாசிக்கிற மேளம் நல்ல காரியத்துக்கு எதுக்கு?" என்றார் இன்னொருத்தர். கோத்தர் ஊர் அக்கா ஒருத்தர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

கோத்தர்களுக்கு மலையில் 7 ஊர்கள். திருச்சிகடி, கொல்லிமலை, சோலூர் கோக்கால், குந்தா கோத்தகிரி, புது கோத்தகிரி, கீழ் கோத்தகிரி, கூடலூர் கோக்கால். ஆண்கள் இரும்பு வேலை, மர வேலை செய்வார்கள். பெண்கள் மண் பானை செய்வார்கள். நாங்கள் படுகர். எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்ன கோத்தர் வீடு என்று அந்தக் காலத்தில் இருந்தது. அரிவாள், கொத்து, பானை எல்லாம் அங்கிருந்து வரும். அறுப்பு முடிந்ததும் தானியம் இங்கிருந்து போகும். எங்கள் வீட்டில் சாவு என்றால் அவர்கள் வந்து வாசிக்க வேண்டும். தேர் ஜோடித்து, அந்த இசைக்கு ஆடி அனுப்புவார்கள். "கோலு சத்தம் கேட்டாத்தான் அழுகையே வரும்" என்று என் பாட்டி சொல்வார், அவர் அம்மா சொல்லக் கேட்டதாக.

கோல் என்பது நாதஸ்வரம் போல ஊதுவது, ஆனால் சிறியது. கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் இழுத்து, நடுவில் நிறுத்தாமல் ஊதுவார்கள். கூடவே தபட்டை, மத்தளம் மாதிரி கொட்டுகள், வளைந்த கொம்பு.

1930களில் பழைய சடங்குகளை விட்டு முன்னேற வேண்டும் என்று எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினர் இந்த இசையை நிறுத்தினார்கள். வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களுமாகப் பிரிந்து சண்டையே நடந்தது. பிறகு சந்தையில் இரும்புச் சாமான் வந்தது, தானியம் கொடுப்பதும் நின்றது. கோத்தர்களும், "எங்களைத் தாழ்வா நினைக்கிற இடத்துல போய் ஏன் வாசிக்கணும்?" என்று விட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் ஊரில் இசை நிற்கவில்லை. மார்கழி, தை மாதங்களில் அய்யனோர் அம்மனோர் திருவிழாவில் ஆண்கள் வாசிக்க, முதலில் ஆண்களும் பிறகு பெண்களும் ஆடுவார்கள். பெண்கள் வட்டமாக நின்று கை தட்டிப் பாடும் சாமி பாட்டு உண்டு. இறந்தவரை நினைத்துப் பாடும் பாட்டையும் பெண்களே வைத்திருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு, யார் எப்படிப் போனார் என்பது அந்தப் பாட்டில் இருக்கும். எழுதி வைக்காத சரித்திரம் அது.

விழா முடிந்த பிறகு அந்த அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். அப்புறம் விளக்கினார். "சாமிக்கு ஒரு மெட்டு, ஆட்டத்துக்கு ஒரு மெட்டு, சாவுக்கு ஒரு மெட்டு. சாவு மெட்டை வேற நேரத்துல நாங்க தொடவே மாட்டோம். ஒன்னுக்கு ஒன்னு கலக்காது." அன்று கூட்டத்தில் பேசியது எவ்வளவு தெரியாத பேச்சு என்று புரிந்தது. "பையன்களுக்குப் பழக்கறதுதான் கஷ்டம், வேலைக்குக் கீழ்நாட்டுக்குப் போயிடறாங்க" என்றும் சொன்னார்.

சகோதரிகளே, இந்த இசையைக் காப்பாற்றுவது அவர்கள் கையில். மதிப்பது நம் கையில். அடுத்த விழாவுக்குக் கூப்பிடுவதானால் ஊர்ப் பெரியவர்களை நேரில் போய்க் கேட்போம். எந்த மெட்டு வாசிப்பது என்று அவர்களே சொல்லட்டும். பந்தல்காரருக்குக் கொடுப்பது போல முன்பணம் கொடுப்போம். கேட்காமல் செல்போனில் எடுக்க வேண்டாம். நம் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வைப்போம்.

அந்தக் கூட்டத்தில் நான் பேசியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிட்டேன்.